பிராட்வே வெள்ளோட்டங்களும் ரசிகர் வழக்கும்

பழைய நாடகம் ஒன்றைப் புதிய நடிகர்களைக்கொண்டு மீண்டும் மேடையேற்றுகிறவர்களுக்கு, புது நாடகம் போடுகிறவர்களுக்கு இல்லாத சங்கடம் ஒன்று உண்டு. புது நாடகம் பார்க்க வருகிறவன் வெறும் மனத்தோடு வருகிறான். பழைய நாடகம் பார்க்க வருகிறவனோ, என்றோ தான் பார்த்ததையும், இசைத்தட்டில் ஓயாமல் கேட்டதையும், பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த கீர்த்தியையும் சுமந்துகொண்டு வந்து உட்கார்ந்து, திரை விலகிய கணத்திலிருந்தே ஒப்பிடத் தொடங்கிவிடுகிறான். நியூயார்க் நகரின் பிராட்வே நாடகசாலைகளில், முறையான அரங்கேற்றத்துக்கு முன்னால் சில வாரங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டே நடத்தப்படும் முன்னோட்டக் காட்சிகளின்போது, இந்த ஒப்பீடு ஒரு பெரிய வழக்காகவே முற்றிவிடுகிறது. ஒரே இரவில் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்திருந்த இருவரில் ஒருவர், இந்த நாடகத்துக்கு இப்போதுதான் உயிர் வந்தது என்பார். மற்றவர், இருந்த உயிரையும் போக்கிவிட்டார்கள் என்பார். இருவரும் ரசிகர்களே, இருவருக்கும் அந்த நாடகத்தின்மேல் உள்ள பிரியத்தில் ஐயமில்லை. ஆனால் இந்த வழக்கின் பூர்வோத்தரத்தை ஆராய்ந்து பார்த்தால், இரு கட்சியாரும் மறந்துவிடுகிற உண்மை ஒன்று புலப்படும். மாற்றக்கூடாத மூலம் என்று எதை அவர்கள் போற்றுகிறார்களோ, அதுவே ஒரு காலத்தில் வெள்ளோட்டத்தின்போது வெட்டியும் ஒட்டியும் அவசர அவசரமாக ஆக்கப்பட்ட பொருள்தான்.

சென்ற நூற்றாண்டின் முற்பாதியில், புதுத் தேரில் சுவாமியை எழுந்தருளப் பண்ணுவதற்கு முன் வெறுந் தேரை ஒருமுறை வீதியில் ஓட்டிப் பார்ப்பதுபோல, புது இசை நாடகத்தை நியூயார்க்குக்கு வெளியே ஓட்டிப் பார்ப்பதே சம்பிரதாயமாக இருந்தது. நியூ ஹேவனில் 1914-ல் திறக்கப்பட்ட ஷூபர்ட் நாடகசாலை, பாஸ்டனில் 1900-ல் திறக்கப்பட்ட கலோனியல் நாடகசாலை ஆகியவற்றிலும், பிலடெல்பியா, வாஷிங்டன் முதலிய நகரங்களிலும் இந்த வெள்ளோட்டங்கள் நடைபெற்றன. ரயிலில் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர்கள். நாடகம் பார்த்துப் பழகிய சபை. எல்லாவற்றுக்கும் மேலாக, நியூயார்க்கின் விமரிசகர்கள் கண்ணில் படாத தூரம். இரவு காட்சி முடிந்ததும் நாடகாசிரியரும் இசையமைப்பாளரும் டைரக்டரும் ஹோட்டல் அறையில் கூடி, எந்த இடத்தில் சபை இருமியது, எந்த இடத்தில் நாற்காலி கிரீச்சிட்டது என்று கணக்குப் பார்த்து, விடிவதற்குள் புதுப் பாட்டு எழுதி, காலையில் ஒத்திகை நடத்தி, அன்று மாலையே அதை மேடையில் பாடவைப்பார்கள். நடிகர்களுக்கு முந்தாநாள் வசனமும் நேற்றைய வசனமும் இன்றைய வசனமும் தலைக்குள் முட்டிக்கொள்ளும்.

1927 நவம்பர் 15-ஆம் தேதி வாஷிங்டனில் 'ஷோ போட்' என்ற இசை நாடகம் முதன்முதலாக மேடையேறியபோது, காட்சி முடிய நள்ளிரவு கடந்துவிட்டது. நாடகம் நான்கு மணி நேரத்துக்கும் அதிகமாக நீண்டிருந்தது. அடுத்த சில வாரங்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டே ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பகுதியை வெட்டியெறிந்த பிறகுதான், டிசம்பர் 27-ஆம் தேதி நியூயார்க்கில் அது அரங்கேறியது. 1935 செப்டம்பர் 30-ஆம் தேதி பாஸ்டன் கலோனியலில் ஜார்ஜ் கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்' வெள்ளோட்டம் கண்டபோது சபை ஆரவாரித்தது. ஆயினும் நீளம் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அன்றிரவு கெர்ஷ்வினும் டைரக்டர் மாமூலியனும் நண்பர்களும் பாஸ்டன் நகர மைதானத்தில் வெகுநேரம் நடந்தபடியே, எந்தப் பாட்டை நீக்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று விவாதித்தார்கள். கழுகைப் பற்றிய அருமையான பாட்டு ஒன்று இவ்வாறு பலியானவற்றில் சேர்ந்தது. பத்தே நாளில், அக்டோபர் 10-ஆம் தேதி நியூயார்க்கில் அரங்கேறியது. 124 காட்சிகளோடு நின்றுபோயிற்று.

இன்னும் பிரசித்தமானது 'ஓக்லஹோமா!'வின் கதை. 1943 மார்ச் மாதம் நியூ ஹேவனில் அது வேறொரு பெயரில், 'அவே வி கோ!' என்று மேடையேறியது. திரை விலகியதும் ஒய்யாரமாக ஆடிவரும் பெண்கள் கூட்டத்தை எதிர்பார்த்திருந்தவர்கள், கிழவி ஒருத்தி தனியே அமர்ந்து வெண்ணெய் கடைவதையும், திரைக்குப் பின்னாலிருந்து ஒருவன் பாடிக்கொண்டு வருவதையும் கண்டு திகைத்தார்கள். இது தேறாது என்று நியூயார்க்குக்குச் செய்தி பறந்தது. நாடகம் நியூயார்க்குக்கு வருவதற்குள் அதைப் படைத்த ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் வேலையில் இறங்கினார்கள். கதாநாயகன் தனியாகப் பாடுவதாக இருந்த பாட்டு ஒன்றைக் கோஷ்டி முழுவதும் பாடுவதாக மாற்றினார்கள். அந்தப் பாட்டின் பெயரையே நாடகத்துக்கும் சூட்டினார்கள். மார்ச் 31-ஆம் தேதி அரங்கேறிய அந்த நாடகம் 2,212 காட்சிகள் நடந்தது. தேறாது என்று முதலில் தீர்ப்புச் சொன்னவர்களைச் சரித்திரம் இன்றும் பரிகாசம் செய்கிறது. ஆனால் அவர்கள் பார்த்தது வேறு நாடகம் என்பதை யாரும் நினைப்பதில்லை.

'கம்பெனி' என்னும் இசை நாடகத்தின் வரலாறு இங்கே நமக்கு மிகவும் வேண்டியது. ஸ்டீஃபன் சோண்ட்ஹைம் இசையும் பாட்டும் அமைக்க, ஜார்ஜ் ஃபர்த் வசனம் எழுத, ஹரால்ட் பிரின்ஸ் டைரக்ட் செய்த இந்நாடகம் 1970-ல் பாஸ்டனில் வெள்ளோட்டம் கண்டது. முப்பத்தைந்து வயதாகியும் மணம் செய்துகொள்ளாத ராபர்ட் என்பவனுக்கு, மணமான ஐந்து தம்பதிகள் நண்பர்கள்; அவர்களுடைய இல்லறங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அவன் மனம் ஊசலாடுவதுதான் கதை. நாடகத்தின் முடிவில் முதலில் வைத்திருந்த பாட்டு மிகவும் கசப்பாக இருக்கிறது என்று பாஸ்டனில் தோன்றவே, சோண்ட்ஹைம் அதை எடுத்துவிட்டு 'பீயிங் அலைவ்' என்ற பாட்டைப் புதிதாக எழுதிச் சேர்த்தார். இன்று அந்த நாடகத்தின் உயிர்நாடி என்று ரசிகர்கள் ஒருமுகமாகப் போற்றும் பாட்டு அதுதான்.

பிற்காலத்தில் இந்த வெளியூர் யாத்திரைக்குச் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. காட்சி ஜோடனைகளை லாரியில் ஏற்றி, வெளியூரில் ஒருமுறை பூட்டி, கழற்றி, மறுபடியும் நியூயார்க்கில் பூட்டுவதைவிட, நியூயார்க்கிலேயே சில வாரங்கள் முன்னோட்டமாக நடத்திவிடுவது லாபம் என்று முதலாளிகள் கண்டார்கள். லாபம் இருந்தது, மறைவு போயிற்று. நியூ ஹேவனில் நடந்த தவறு நியூ ஹேவனோடு போகும். பிராட்வே நாடகசாலைகள் உள்ள நாற்பத்தைந்தாம் தெருவில் நடந்த தவறு மறுநாள் காலையில் ஊர் முழுவதும் தெரிந்துவிடும். ஆதியில் விமரிசகர்கள் அரங்கேற்ற இரவில் நாடகத்தைப் பார்த்துவிட்டு, பத்திரிகை அச்சேறுவதற்குள் ஓட்டமாக ஓடி எழுதிக்கொடுத்தார்கள். பின்னாளில் அவர்களே கடைசிச் சில முன்னோட்டங்களில் வந்து பார்த்து, அரங்கேற்றத்தன்று வெளியிடும் வழக்கம் வந்தது. அதனால் அவர்கள் வருவதற்குச் சில நாள் முன்பே நாடகத்தை இனி மாற்றுவதில்லை என்று உறைய வைத்துவிடுகிறார்கள். அதற்கு முந்திய இரவுகள் எல்லாம் ரசிகர்களின் ராஜ்யம்.

அந்த ராஜ்யத்தின் கொடுமையை முழுமையாக அநுபவித்தது 1981-ல் வந்த 'மெரிலி வி ரோல் அலாங்'. இதுவும் சோண்ட்ஹைம், பிரின்ஸ் இருவரின் சிருஷ்டியே. உச்சியிலிருக்கும் மனிதர்களின் வாழ்க்கையை முடிவிலிருந்து தொடங்கி இளமைவரை பின்னோக்கிச் சொல்லும் கதை. வெளியூர் போகாமல் நேரே நியூயார்க்கில் முன்னோட்டம் தொடங்கினார்கள். மேடையில் இருந்தவர்கள் எல்லாம் இளவயதினர். யார் யார் என்று சபைக்கு அடையாளம் தெரியவில்லை. பலர் இடையிலேயே எழுந்து வெளியேறினார்கள். உடைகளையெல்லாம் மாற்றி, ஒவ்வொருவர் மார்பிலும் பாத்திரத்தின் பெயரை அச்சிட்ட பனியன்களை மாட்டினார்கள். கதாநாயகனாக நடித்தவரையே மாற்றினார்கள். நடன அமைப்பாளரையும் மாற்றினார்கள். 52 முன்னோட்டங்களுக்குப் பிறகு நவம்பர் 16-ஆம் தேதி அரங்கேறி, 16 காட்சிகளோடு மூடிவிட்டார்கள். மூடிய மறுநாள் நடிகர்கள் ஒலிப்பதிவு நிலையத்தில் கூடி எல்லாப் பாட்டுக்களையும் பாடிப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு மட்டும் இல்லாமற்போயிருந்தால் இந்நாடகத்தின் பெயர்கூட இன்று பலருக்குத் தெரிந்திராது.

இசைத்தட்டின் மகிமை இங்கேதான் விளங்கும். 1943-ல் 'ஓக்லஹோமா!'வின் நடிகர்களையே பாடவைத்து டெக்கா கம்பெனி வெளியிட்ட தட்டுக்கள் அமோகமாக விற்றது முதல், பிராட்வே நாடகம் நாடகசாலையோடு நிற்காமல் வீட்டுக்கு வீடு புகுந்தது. ராட்ஜர்ஸும் லோரென்ஸ் ஹார்ட்டும் படைத்த 'பால் ஜோயி' 1940-ல் வந்தபோது, அயோக்கியன் ஒருவனைக் கதாநாயகனாக்கியது 'நியூயார்க் டைம்ஸ்' விமரிசகர் பிரூக்ஸ் அட்கின்ஸனுக்குப் பிடிக்கவில்லை. பத்தாண்டு கழித்து கொலம்பியா கம்பெனி அதன் பாட்டுக்களை நீண்ட இசைத்தட்டாக வெளியிட, கேட்டவர்கள் வியந்து, அந்த வியப்பின் பலனாக 1952-ல் நாடகம் மறுபடியும் மேடையேறி 500 காட்சிகளுக்கு மேல் நடந்தது. அட்கின்ஸனும் தம் பழைய அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார். பாட்டெழுதிய ஹார்ட் அதைக் காண உயிரோடு இல்லை, 1943-லேயே காலமாகிவிட்டார்.

ஆக, மறுமேடையேற்றம் என்பதற்கு இசைத்தட்டு தாயாகவும் ஆயிற்று, மாமியாராகவும் ஆயிற்று. தட்டில் கேட்டுப் பழகிய காதுக்கு ஒரு பாட்டின் வேகம் சற்றே குறைந்தாலும் குற்றம்; ஒரு வாத்தியம் குறைந்தாலும் அபசாரம். இன்னொரு பக்கம், தட்டைக் கேட்டே அறியாத இளைஞன் வருகிறான். அவனுக்குப் பாட்டனார் காலத்துச் சிரிப்பு சிரிப்பாகத் தோன்றுவதில்லை. மூன்றாவதாக, நாடகத்தில் சித்திரிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். 'ஷோ போட்'டின் முதல் கோஷ்டிப் பாட்டு, கறுப்பின மக்களை இழிவாகச் சுட்டும் சொல்லோடு தொடங்கியது. பிற்காலத் தயாரிப்புகளில் அந்தச் சொல்லை மாற்றவேண்டியிருந்தது. 1993-ல் பிரின்ஸ் அதை டொராண்டோவில் புதுப்பித்தபோது, அங்கிருந்த கறுப்பின மக்களில் பலர் நாடகமே வேண்டாம் என்று கிளர்ச்சி செய்தார்கள். அவர்களும் ஒரு மூலத்தைத்தான் நினைவில் வைத்திருந்தார்கள். அது அவர்களுடைய பாட்டனார் பட்ட அவமானம்.

'போர்கி அண்ட் பெஸ்' இந்த மூன்று கட்சிகளுக்கும் பொதுவான போர்க்களமாயிற்று. கெர்ஷ்வின் 1937-ல் மறைந்த பிறகு, 1942-ல் அதன் இசைநடை வசனங்களைச் சாதாரணப் பேச்சாக மாற்றி, வாத்தியங்களைக் குறைத்து மேடையேற்றினார்கள். முதல் தடவையைவிட நன்றாகவே ஓடியது. 1976-ல் ஹூஸ்டன் ஆபரா குழுவினர் வெட்டியவற்றையெல்லாம் திருப்பிச் சேர்த்து முழு ஆபராவாக நடத்தினார்கள்; மறு ஆண்டு, பிராட்வே நாடகங்களுக்கு வழங்கப்படும் டோனி பரிசுகளில் மறுமேடையேற்றத்துக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. சுருக்கியவர்களும் வென்றார்கள், விரித்தவர்களும் வென்றார்கள். 2011-ல் டயேன் பாலஸ் என்ற டைரக்டரும் சூஸன்-லோரி பார்க்ஸ் என்ற நாடகாசிரியரும், பெஸ் என்னும் பெண்ணின் பாத்திரத்துக்கு ஆழம் சேர்த்து, முடிவையும் சற்று மாற்றப்போகிறோம் என்று பத்திரிகைக்குச் சொன்னார்கள். காட்சி தொடங்குவதற்கு முன்பே, சோண்ட்ஹைம் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகைக்குக் காரசாரமான கடிதம் ஒன்று எழுதினார். மூல நாவலையும் பல பாட்டுக்களையும் எழுதிய டியூபோஸ் ஹேவர்டின் பெயரை விட்டுவிட்டு, நாடகத்துக்குக் கெர்ஷ்வின் சகோதரர்களின் பெயரை மட்டும் சூட்டியதையும் அவர் கண்டித்தார். ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள்: பெரியவர் காவல் நிற்கிறார் என்றது ஒரு பகுதி, பார்க்காமலே தீர்ப்புச் சொல்லலாமா என்றது மற்றொரு பகுதி. நாடகம் நியூயார்க்குக்கு வருவதற்குள் புது முடிவு கைவிடப்பட்டது. 2012 ஜனவரியில் அரங்கேறி, அவ்வாண்டின் டோனி பரிசையும் அது பெற்றது.

2019-ல் நடந்த இரண்டு மறுமேடையேற்றங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். அவ்வாண்டு வசந்தத்தில் டேனியல் ஃபிஷ் 'ஓக்லஹோமா!'வை வட்டமான சிறிய அரங்கில் நடத்தினார். வசனமும் பாட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. ஆனால் பெரிய வாத்திய கோஷ்டிக்குப் பதிலாக ஏழே பேர். சபையின்மேலும் விளக்கு வெளிச்சம். ஒரு முக்கியமான காட்சி கும்மிருட்டில். இடைவேளையில் பார்வையாளர்களுக்கு மிளகாயும் அவரையும் சேர்த்து வெந்த சில்லிக் குழம்பும் மக்காச்சோள ரொட்டியும். முடிவில் மணமக்களின் வெள்ளுடையில் தெறித்த ரத்தம். டிசம்பரில் இவோ வான் ஹோவா 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யின் முன்னோட்டங்களைத் தொடங்கினார். ஜெரோம் ராபின்ஸின் புகழ்பெற்ற நடனங்களை விலக்கினார், இடைவேளையை ஒழித்தார், 'ஐ ஃபீல் பிரிட்டி' என்ற பாட்டையே நீக்கினார். அந்தப் பாட்டை எழுதிய சோண்ட்ஹைமே, ஏழைப் பெண் ஒருத்தி இவ்வளவு சாமர்த்தியமாக எதுகை போட்டுப் பாடுவாளா என்று வெகுகாலமாக வெட்கப்பட்டு வந்தவர். ஆனால் ரசிகர்களோ அதற்காகக் கண்ணீர் வடித்தார்கள். சொல்லை மாற்றாத நாடகத்தைப் பற்றியும், பாட்டையே நீக்கிய நாடகத்தைப் பற்றியும், மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்ற ஒரே புகார்தான் எழுந்தது. இதிலிருந்து, ரசிகர்கள் மூலம் என்று சொல்வது ஏட்டில் உள்ள சொற்களை அல்ல என்பது தெளிவாகிறது. முதன்முதல் அந்த நாடகம் தம் உள்ளத்தில் எழுப்பிய உணர்ச்சியையே அவர்கள் மூலம் என்று கொள்கிறார்கள். அதை எந்த டைரக்டரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

'கம்பெனி'யின் மறுமேடையேற்றமே இதற்கு உரைகல். மரியான் எலியட் 2018-ல் லண்டனில், ராபர்ட்டைப் பெண்ணாக மாற்றி அந்நாடகத்தை நடத்தினார். சோண்ட்ஹைம் அதற்குச் சம்மதம் தந்திருந்தார். கதாநாயகனைச் சூழ்ந்து மூன்று காதலிகள் கேலி பாடிய பாட்டை, மூன்று காதலர்கள் பாடினார்கள். மணமேடைக்குப் போக அஞ்சி நடுங்கிய ஏமி என்ற மணப்பெண், ஜேமி என்ற மணமகனானாள். 2020 மார்ச் 2-ஆம் தேதி நியூயார்க்கில் முன்னோட்டங்கள் தொடங்கின. சோண்ட்ஹைமின் தொண்ணூறாவது பிறந்த நாளான 22-ஆம் தேதி அரங்கேற்றம் என்று குறித்திருந்தார்கள். பெருந்தொற்று பத்தே நாளில் எல்லா நாடகசாலைகளையும் மூடிவிட்டது. மறுபடியும் 2021 நவம்பர் 15-ஆம் தேதி இரவு முன்னோட்டம் தொடங்கியபோது, சோண்ட்ஹைமே வந்து சபையில் அமர, அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கரகோஷம் செய்தது. பதினொரு நாளில் அவர் காலமானார். டிசம்பர் 9-ஆம் தேதி நாடகம் அரங்கேறியது. முப்பத்தைந்து வயதில் மணமாகாத பெண்ணைச் சமூகம் படுத்தும் பாட்டுக்கு முன் ஆணின் தயக்கம் எம்மாத்திரம், இப்போதுதான் கதைக்கே வேகம் பிறந்தது என்று மகிழ்ந்தவர்கள் பலர். ஆணின் உள்ளத்துக் கோழைத்தனத்தைப் படம் பிடித்த நுட்பம் கரைந்துபோயிற்று என்று வருந்தியவர்களும் பலர்.

2011-ல் கோபக் கடிதம் எழுதிய சோண்ட்ஹைமையும், 2018-ல் பெண்ணாக மாற்ற இசைந்த சோண்ட்ஹைமையும் இரு கட்சியாரும் தத்தமக்குச் சாட்சியாக இழுப்பதுண்டு. இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. பாஸ்டன் ஹோட்டல் அறையில் ஒரு பாட்டை எடுத்து வேறொரு பாட்டை வைத்த கைதான், ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்தும் அதே வேலைக்கு இசைந்தது. இறந்தவர்களின் கையை மட்டும் பிறர் பிடித்து எழுத வேண்டாம் என்றது. 2012 முதல் லண்டனில் மரியா ஃப்ரீட்மன் செப்பனிட்ட 'மெரிலி வி ரோல் அலாங்', 2023 செப்டம்பரில் நியூயார்க்கில் முன்னோட்டத்துக்கு வந்தபோது, 42 வருஷத்துக்கு முன்னால் ஜனங்கள் எழுந்து ஓடிய அதே நாடகத்துக்கு இடம் கிடைக்காமல் ரசிகர்கள் தவித்தார்கள். மறு ஆண்டு டோனி பரிசும் அதற்கே. இடைக்காலத்தில் வசனமும் பாட்டும் எத்தனையோ முறை திருத்தப்பட்டிருந்தன. அன்று வெளியேறியவர்களும் பொய் சொல்லவில்லை. இன்று கொண்டாடியவர்களும் பொய் சொல்லவில்லை.

ஆகவே முன்னோட்டத்தில் ரசிகர்கள் மாறுபடுவதைக் கண்டு யாரும் கலங்கவேண்டியதில்லை. மாறுபாடே இல்லையென்றால் நாடகம் செத்துவிட்டதாகத்தான் பொருள். ஆனால் இரு தரப்பாருக்கும் ஒவ்வொரு கடமை உண்டு. முதலாளிகள், முடியாத வேலையை முடிந்த வேலையின் விலைக்கு விற்கிறார்கள். ஒரு காலத்தில் முன்னோட்டத்துக்குக் கட்டணம் குறைவாக இருந்தது. இப்போது பெரும்பாலும் முழுக் கட்டணமே வாங்கப்படுகிறது. முழு விலை கொடுத்தவனிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமல்ல. சோதனை இரவுகளுக்குச் சலுகைக் கட்டணம் வைப்பதே முறை. ரசிகர்கள், தாம் பார்த்ததைத் தாராளமாகச் சொல்லட்டும். ஆனால் அது இன்ன தேதியில், உறைவதற்கு முன் பார்த்தது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். நியூ ஹேவனில் 'அவே வி கோ!' பார்த்துவிட்டு வந்தவர்கள் அவ்வளவை மட்டும் சேர்த்துச் சொல்லியிருந்தால், அவர்கள் தீர்ப்பு இன்றைக்கும் சரியாகவே இருந்திருக்கும்.